தலைவர் நான்தான்: ஊராட்சி மன்றத்தில் ஐந்து ஆண்டுகள்

2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் தலைவராக இருந்தேன். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. நான் பெண்ணியம் பேசுகிறவள் என்பது தேர்தலுக்கு முன்பே ஊருக்குத் தெரியும். மகளிர் குழுக் கூட்டங்களில் "மகளுக்கும் சொத்தில் பங்கு எழுதுங்கள்" என்று பேசிப் பல வீடுகளின் பகையைச் சம்பாதித்திருந்தேன். அப்படிப்பட்ட ஒருத்தி பதவிக்கு வந்தால் என்ன நடக்கும், எது கைகொடுக்கும் என்பதை அடுத்து நிற்கப் போகும் பெண்களுக்காக எழுதுகிறேன். துணிந்து பேசுங்கள் என்று நமக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பேச்சு பாதி வேலைகூட இல்லை. பேசியது பதிவேட்டில் ஏறியதா, அதன் கீழே யார் கையெழுத்து, அதிகாரியின் அழைப்பு யாருடைய ஃபோனுக்குப் போனது என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். என் பெண்ணியத்தில் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் செலவானது.

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை உறுதி செய்தது. தமிழ்நாடு 2016-இல் அதை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஊரகப் பகுதிகளில் அது முதன்முதலாகச் செயலுக்கு வந்தது 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த தேர்தலில். நான் நின்றது அந்தத் தேர்தலில்தான். "ஒதுக்கீட்டில் வந்தவள்தானே" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் தலைகுனிந்ததே இல்லை. எனக்கு முன்னால் தலைவராக இருந்த ஆண்கள் எல்லோரும், பெண் ஒருத்தி மனுத் தாக்கல் செய்வதையே நினைத்துப் பார்க்காத ஊரில் ஜெயித்தவர்கள். ஊரில் பாதிப் பேர் போட்டியிலேயே இல்லை. அதைவிடப் பெரிய ஒதுக்கீடு எது?

முதல் சண்டை அச்சகத்தில் நடந்தது. சுவரொட்டிக்கு அவர்கள் போட்டுக் காட்டிய மாதிரியில் என் கணவர் மேலே பெரிதாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். உரக்கடை வைத்திருப்பவர், ஊருக்குத் தெரிந்த முகம். கீழே வலது மூலையில் தபால்தலை அளவுக்கு நான். என் பெயருக்கு முன்னால் அவர் பெயர், இரண்டு மடங்கு எழுத்தில். அச்சகக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாப் பெண் வேட்பாளர்களுக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார். என் படம் மட்டும், என் பெயர் மட்டும் என்று மாற்றச் சொன்னேன். "அவரைத் தெரிந்துதானே ஓட்டுப் போடுவார்கள்" என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். என் கணவர்தான் "நிற்கிறது அவள், படம் அவளுடையதாக இருக்கட்டும்" என்று முடித்து வைத்தார். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சுவரொட்டியில் யார் முகம் பெரிதாக இருந்ததோ அவர்தான் பிறகு அலுவலக நாற்காலியில் உட்கார உரிமை கொண்டாடுவார்.

அடுத்தது தொலைபேசி எண். பதவியேற்ற சில நாள்களில் ஒன்றிய அலுவலகத்தில் தலைவர்களின் எண் பட்டியலைத் தயாரித்தார்கள். எங்கள் ஊராட்சிச் செயலர் என்னைக் கேட்காமலேயே என் கணவரின் எண்ணை எழுதியிருந்தார். அடித்துவிட்டு என் எண்ணை எழுதினேன். தலைவர்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பெண் தலைவர்களின் பெயரில் அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய கணவர்கள் என்று. ஆய்வுக் கூட்டத்திலும் அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். வட இந்தியாவில் இதற்கு 'சர்பஞ்ச் பதி', அதாவது தலைவியின் கணவர், என்று பெயரே இருக்கிறது. 2023-இல் மத்திய ஊராட்சி அமைச்சகம் இதை ஆராயக் குழு அமைக்கும் அளவுக்கு இது நாடு முழுவதற்குமான நோய். அந்தப் பெண்களைக் கேலி செய்கிறவர்களோடு நான் ஒருபோதும் சேரமாட்டேன். அலுவலகத்தில் கோப்பைக் கண்ணில் காட்டுவதில்லை, வீட்டில் வண்டி எடுத்துத் தருவதில்லை. பிறகு "அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது என்ன நியாயம்?

என் கணவருக்கு ஒப்பந்தக்காரர்களிடமிருந்து அழைப்பு வந்தால் "தலைவரிடம் பேசுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவார். அதற்காக டீக்கடையில் அவர் கேட்ட ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. தேர்தலில் நிற்கும் முன்பே வீட்டில் இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பணம், கையெழுத்து, ஃபோன் மூன்றிலும் யாரும் தலையிடக் கூடாது. ஜெயித்த பிறகு பேசினால் அது குடும்பச் சண்டையாக மாறிவிடும்.

இனி கிராம சபைக்கு வருகிறேன். என் ஐந்து ஆண்டுகளில் நான் அதிகம் போராடியதும் அதிகம் கற்றதும் அங்கேதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டம் நடந்த நாள்களோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் பிற்பாடு சேர்ந்தன. எங்களைப் போல 3,000-க்கு மேல் 10,000-க்குள் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கையை நிரப்புவது யார்? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களை வரச் சொல்லி, வேப்பமரத்தடியில் பின்னால் உட்கார வைத்து, பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஆண்கள் பேசுவார்கள். தீர்மானம் சாயங்காலம் அலுவலகத்தில் எழுதப்படும்.

சாயங்காலம் எழுதப்படும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நூற்பாலைக்குப் போகும் பெண்கள் இறங்கும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டாஸ்மாக் கடை இருந்தது. அதை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று ஒரு கிராம சபையில் பெண்கள் எழுந்து பேசினார்கள். ஒரு மூதாட்டி மைக்கைப் பிடித்த கை நடுங்க, "தாயி, என் பேத்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள், அந்த வழியாக வரப் பயந்து" என்றார். கூட்டம் முழுவதும் கைதூக்கியது. மறுநாள் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே வரி: "சாலையோரப் பிரச்சினைகள் குறித்து விவாதிக்கப்பட்டது." கடை என்ற சொல்லே இல்லை. பெண்கள் என்ற சொல்லும் இல்லை. கீழே இருநூற்றுச் சொச்சம் பேரின் கையெழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது.

அந்தப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து முறையை மாற்றினோம். தீர்மானம் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் எழுதப்படும். எழுதியதைச் செயலர் மைக்கில் படிப்பார். கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்குக் கோடு இழுக்கப்படும். அதன் பிறகுதான் பதிவேடு கையெழுத்துக்குப் போகும். வீட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் என் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வேன். மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பிடம் அவர்களுடைய கோரிக்கையை முந்தைய வாரமே எழுதி, தேதி போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கைக்கு வந்த மனு பொருள்பட்டியலில் ஏறியாக வேண்டும், யாரும் "மறந்துபோனது" என்று தப்ப முடியாது. பேச்சு தொடங்கும்போது மைக் முதலில் பெண்கள் பக்கம் போகும். பத்து ஆண்கள் பேசி முடித்த பிறகு மைக் வந்தால் எந்தப் பெண்ணும் எழமாட்டாள் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெண்ணியம் என்றாலே வெளியிலிருந்து வந்த சரக்கு என்று பேசும் பெரியவர்களுக்கு நான் ஒரே ஒரு வரலாற்றைத்தான் சொல்வேன். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கச் சொல்லி அங்கே எழுந்து நின்றபோது அவருக்குக் கிடைத்த ஏச்சும் கொஞ்சமில்லை. இதெல்லாம் நம் மண்ணில் நடந்தது. ஒரு தீர்மானம் சட்டமாக 60 ஆண்டுகள் ஆனது. எழுதி வைத்ததால்தான் அதை எடுத்துக் காட்டிக் கேட்க முடிந்தது. எங்கள் கடைத் தீர்மானத்தையும் அதனால்தான் திரும்ப எழுத வைத்து, நகலோடு ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொண்டுபோனோம். கடை இன்னும் அங்கேயே இருக்கிறது. மனு எண் இருக்கிறது, தீர்மான எண் இருக்கிறது, கேட்பதை நாங்கள் விடவில்லை.

கையெழுத்துப் பிரச்சினைக்கு வருகிறேன். ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பெண் தலைவரை அடக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான பூட்டு கிடையாது. எங்கள் துணைத் தலைவர் என்னிடம் ஒருநாளும் சத்தமாகப் பேசியதில்லை. கையெழுத்து மட்டும் போடமாட்டார். தூய்மைக் காவலர்களுக்கு ஊதியம் நின்றது, மோட்டார் பழுதுபார்த்தவர் பணத்துக்கு அலைந்தார், பழி எல்லாம் என் தலையில் விழுந்தது. அவர் வீட்டுக்கே போய்ச் சமாதானம் பேசச் சொன்னார்கள் பலர். நான் கடிதம் எழுதினேன். நிலுவையில் உள்ள பட்டியல், தொகை, எந்தத் தேதியில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது என்ற விவரம். அவரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குவேன். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புவேன். நகல் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற அதிகாரம் ஆட்சியரிடம்தான் இருக்கிறது. விசாரணைக் கடிதம் வந்த பிறகு கையெழுத்து வந்தது. அந்தக் கடிதக் கட்டு இன்னொரு வகையிலும் காப்பாற்றியது. தலைவரை நீக்கச் சொல்லி உறுப்பினர்கள் மனுக் கொடுத்தால் ஆட்சியர் விளக்கம் கேட்பார். அப்படிக் கேட்கப்பட்டபோது என்னிடம் கண்ணீரோடு சொல்ல ஒன்றுமில்லை, தேதிவாரியாகக் கொடுக்கக் காகிதம் இருந்தது.

இதெல்லாம் பலிக்காதபோது ஒழுக்கத்தில் கை வைப்பார்கள். குடிநீர்க் குழாய் பதிக்கும் இடத்தில் பொறியாளரோடு நின்று நான் பேசிக்கொண்டிருந்த படம் ஒன்று, எழுதக் கூசும் இரண்டு வரிகளோடு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. என் மகள் அப்போது பள்ளி மாணவி. வெளியில் யாராவது காட்டுவதற்குள் நானே அவளிடம் காட்டினேன். "இது பொய், இது ஏன் செய்யப்படுகிறது என்றும் உனக்குச் சொல்கிறேன்" என்று உட்கார வைத்துப் பேசினேன். அந்த அரைமணி நேரம் எனக்கு எந்தக் கூட்டத்தையும்விடக் கடினமாக இருந்தது. ஆனால் அவள் மறுநாள் பள்ளிக்குத் தலைநிமிர்ந்து போனாள்.

பிறகு காவல் நிலையம். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து அச்சிட்டு, எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். "அரசியலுக்கு வந்தால் இதெல்லாம் சகஜம் அம்மா" என்று வாய்மொழியாகப் பேசித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பெண்ணின் மானத்தைச் சொல்லால் இழிவுபடுத்துவது அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 509-ஆவது பிரிவில் குற்றம். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆவது பிரிவு. பிரிவின் எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள், பேசுகிற தொனியே மாறும். இணையத்தில் பரவியது என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். ஊர்க் கூட்டத்தில் மட்டும் இதற்கு விளக்கம் கொடுக்கவே கூடாது. "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று ஆரம்பித்தால், நம் ஒழுக்கத்தைத் தீர்ப்பிடும் உரிமையை நாமே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். குழாய் எத்தனை மீட்டர் பதிக்கப்பட்டது, எங்கே நிற்கிறது என்று மட்டும் பேசினேன்.

என்னை எதிர்த்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வாயாடி, குடும்பத்தைக் கெடுப்பவள்" என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் நான் பெண்ணியச் சொற்பொழிவு ஆற்றவில்லை. நூறு நாள் வேலையில் 2023-24-இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 294 ரூபாய். வேலைக்குப் போன பெண்களின் கணக்கில் அதைவிடக் குறைவாக ஏறியது. காரணம், தோண்டிய மண்ணை அளந்து அதற்கேற்பக் கூலி போடுகிறார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அளவெடுக்க வரும் நாளில் நானும் போய் நின்றேன். நாடாவின் ஒரு முனையை வேலை செய்த பெண்களே பிடிக்க வேண்டும், அளவை உரக்கச் சொல்ல வேண்டும், பிறகு எழுத வேண்டும் என்றேன். கூலி வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதுபோலவே நூற்பாலை நிறுத்தத்தின் தெருவிளக்கு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி வண்டியில் வந்து இறங்கும் பெண்கள் இருட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். ஊரின் முதல் புது விளக்குகள் கோயில் தெருவுக்கு வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். நான் நிறுத்தத்திலிருந்து குடியிருப்பு வரைக்கும் போட வைத்தேன். என்னை ஏசிய பெண்களில் சிலர் பிறகு கிராம சபையில் எனக்கு முன்பே எழுந்து பேசினார்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்தப் பதவியில் எனக்கு வேறு இல்லை.

என் நிலைமை எத்தனையோ பேரைவிடப் பாதுகாப்பானது என்பதை மறைக்க மாட்டேன். என் சாதிக்காக யாரும் என்னைக் கீழே உட்காரச் சொன்னதில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளியாகி நாடே பார்த்தது. திருநெல்வேலி தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011-இல் வெட்டப்பட்டு, உயிர் பிழைத்தார். மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997-இல் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். துணிச்சல் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்களைச் சொல்லாமல் நகர்வது அநியாயம். ஆகவே பாதுகாப்பையும் வேலையாகவே திட்டமிடுங்கள். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார். பிரச்சினையுள்ள இடத்துக்குத் தனியாகப் போகக் கூடாது. பக்கத்து ஊராட்சிகளின் பெண் தலைவர்கள் சிலர் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டோம், கணவர்கள் இல்லாத குழு. யார் எங்கே போகிறோம் என்று அதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். ஒருத்தியைப் பற்றி அவதூறு வந்தால் மற்றவர்கள் சேர்ந்து அலுவலகத்துக்குப் போவோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2023-இல் 2,000 ஆனது. அது பெட்ரோலுக்கே போதாது. சொந்த வருமானம் இல்லாத பெண் கணவரின் பையையோ ஒப்பந்தக்காரரின் கமிஷனையோ நம்ப வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறாள். நான் தையல் வேலையை விடவில்லை. நேர்மையான பெண்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று விரும்புகிற கட்சிகள் முதலில் இந்தத் தொகையைப் பற்றிப் பேசட்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர். 2023-இல் நிறைவேறிய 106-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தருகிறது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு. அதுவரை உள்ளாட்சிதான் நமக்குப் பயிற்சிக் களம். நிற்க விரும்புகிறவர்கள் இப்போதே கிராம சபைக்குப் போய் ஒரு கேள்வியாவது கேட்டு, அது பதிவானதா என்று பாருங்கள். ஊராட்சி வரவுசெலவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளை உங்கள் பெயரில் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, ஒதுக்கீடு சுழற்சியில் மாறும். உங்கள் ஊர் பொதுப்பிரிவுக்குப் போய்விட்டால் "இனி ஆண்களின் முறை" என்பார்கள். பொது என்றால் பெண்ணும் நிற்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்கள் மன்றத்தில் வார்டு உறுப்பினராக இருந்த இரண்டு பெண்கள் அப்படிப் பொதுப்பிரிவில் நிற்கத் தயாராகிறார்கள். சுவரொட்டிக்குப் படமும் எடுத்துவிட்டார்கள், அவரவர் படம்.